ஏரிக்கரையில் ஒரு பந்தயம்

1924-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு கிராஸ் கன்ட்ரி ஓட்டப் பந்தயம் நடந்தது. கொலம்ப் மைதானத்திலிருந்து வெளியேறி, சேன் ஆற்றை ஒட்டிக் கல்லும் முழங்கால் உயர முட்செடியும் மண்டிய பாதையில் பத்தரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி, மீண்டும் மைதானத்துக்குள் வந்து முடிக்க வேண்டும். அன்றைய வெயில் 40 டிகிரியைத் தாண்டியது என்றே பல பதிவுகள் சொல்கின்றன. பக்கத்திலிருந்த மின் நிலையத்தின் புகை வேறு பாதையில் கவிந்திருந்ததாம். புறப்பட்டவர்கள் 38 பேர், முடித்தவர்கள் 15 பேர். பின்லாந்தின் பாவோ நூர்மி சுமார் 33 நிமிடத்தில் வந்து, பெரிய களைப்பு எதுவும் காட்டாமல் நடந்து போனார். இரண்டாவதாக வந்த வில்லே ரிட்டோலா அவருக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் பின்னால் இருந்தார். மற்றவர்கள் வழியெங்கும் சுருண்டு விழுந்தார்கள். அணிப் பதக்கத்துக்கு ஒரு நாட்டின் மூன்று பேர் முடித்தாக வேண்டும். பின்லாந்தின் மூன்றாவது ஆளான ஹெய்க்கி லீமடைனன் மைதானத்துக்குள் வந்தும் கோட்டுக்குச் சற்று முன்னால் திசை தெரியாமல் நின்றுவிட்டார். பிறகு மெல்ல அடியெடுத்து வைத்துப் பன்னிரண்டாவதாகக் கோட்டைக் கடந்தார். அந்தப் பன்னிரண்டாம் இடம்தான் பின்லாந்துக்கு அணித் தங்கத்தைத் தந்தது. கிராஸ் கன்ட்ரி இவ்வளவு கொடூரமான விளையாட்டா என்ற அதிர்ச்சியில் ஒலிம்பிக்கிலிருந்தே அதை நீக்கினார்கள். இன்றுவரை அது திரும்பி வரவில்லை.

அந்தத் தீர்ப்பு தவறானது என்பது என் எண்ணம். அன்று ஆட்களைச் சாய்த்தது கல்லும் முள்ளும் அல்ல, ஜூலை மாத வெயிலில் பந்தயத்தை வைத்தவர்களின் முடிவு. கடினம் வேறு, ஆபத்து வேறு. கடினம் தரையிலிருந்து வருகிறது. அதற்காகத்தான் இந்த ஓட்டத்தையே ஓடுகிறார்கள். ஆபத்து பெரும்பாலும் நேரம், பருவம், தயாரிப்பு ஆகியவற்றில் மனிதர் செய்யும் பிழையிலிருந்து வருகிறது. அதைக் கிட்டத்தட்ட முழுவதும் தவிர்த்துவிடலாம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையோரம் இருக்கும் பென்னலூர் போன்ற ஓர் ஊருக்கு, சாதாரண மனிதர்கள் ஓடும் கடினமான கிராஸ் கன்ட்ரி பந்தயம் ஒன்று எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும்.

முதலில் இது என்ன விளையாட்டு என்று பார்ப்போம். தார்ச்சாலையும் இல்லாமல், வட்டமாகப் போட்ட ஓடுதளமும் இல்லாமல், வயல், புல்வெளி, மேடு, சேறு, ஓடை என்று நிலம் கிடக்கிற கிடப்பில் ஓடுவதுதான் கிராஸ் கன்ட்ரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்துப் பள்ளி மாணவர்கள் காகிதத் துண்டுகளை வீசிக்கொண்டு முன்னால் ஒருவர் ஓட, அந்தத் தடத்தைப் பிடித்து மற்றவர்கள் துரத்தும் விளையாட்டாக இது தொடங்கியது. 1876-இல் லண்டனுக்கு அருகே எப்பிங் காட்டில் முதல் தேசியப் பந்தயம் நடந்தபோது ஓடிய அத்தனை பேரும் வழி தவறிவிட்டதால் பந்தயமே செல்லாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. உலகப் போட்டி 1973-இல் பெல்ஜியத்தின் வாரகெம் நகரில் தொடங்கியது. 2017 கம்பாலா போட்டியிலிருந்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே 10 கிலோமீட்டர்தான். நம் நாட்டிலும் தேசியப் போட்டி நடக்கிறது. 2022 மார்ச்சில் நாகாலாந்தின் கோஹிமாவில் நடந்தது. இத்தனை ஆண்டு வரலாறு இருந்தும் கிராஸ் கன்ட்ரிக்கு உலக சாதனை என்று ஒன்று கிடையாது. ஒரு ஊரின் 10 கிலோமீட்டரும் இன்னொரு ஊரின் 10 கிலோமீட்டரும் ஒன்றல்ல என்பதால் நேரத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. நேற்று மழை பெய்திருந்தால் அதே பாதையே வேறு பாதையாகிவிடும். கடிகாரத்துக்கு மதிப்பில்லாத ஓட்டம் இது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பென்னலூர் விஷயத்தில் இதற்குத் தனிப் பொருள் உண்டு.

ஏன் கடினம் என்பதற்கு அறிவியல் தெளிவான விடை தருகிறது. 1998-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் மணலில் ஓடுபவரின் ஆற்றல் செலவை அளந்தார்கள். கெட்டித் தரையில் அதே வேகத்தில் ஓடுவதைவிட மணலில் 1.6 மடங்கு ஆற்றல் வேண்டியிருந்தது. கால் அழுத்தும்போது மணல் நகர்ந்து அந்த உழைப்பை விழுங்கிவிடுகிறது. தசைநாண்கள் வில்போல் சேர்த்துத் திருப்பித் தரவேண்டிய ஆற்றலும் குறைந்துபோகிறது. 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு மட்டுமே மேடு பள்ளமான தரையில் ஓடச் சொல்லிப் பார்த்தது. செலவு 5 சதவீதம் கூடியது. இரண்டரை சென்டிமீட்டர் என்பது ஒரு வரப்பின் ஓரத்துக்குக்கூடக் காணாது. நம் ஏரி உள்வாயில் தண்ணீர் வடிந்தபின் காய்ந்து வெடித்த களிமண்ணிலும், மாட்டுக் குளம்பு பதிந்து இறுகிய தடத்திலும் ஓடினால் கணுக்கால் ஒவ்வொரு அடிக்கும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். சாலையில் ஒரே அசைவு ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நடக்கிறது. இங்கே இரண்டு அடிகள் ஒன்றுபோல் விழுவதில்லை. தூரம் அதிகம் என்பதால் வரும் கடினமன்று இது. ஆறு கிலோமீட்டருக்குள்ளேயே ஒரு ஆளை முழுக்கப் பரீட்சித்துவிடும். 1986 முதல் 2003 வரை தொடர்ந்து பதினெட்டு முறை உலகப் போட்டியின் ஆண்கள் அணிப் பட்டத்தை வென்ற கென்யாவின் வீரர்கள் மேட்டுநில மண்பாதைகளில் ஓடி வளர்ந்தவர்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

ஒரு சாதாரண ஓட்டக்காரர், அதாவது வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறவர், இப்படிப்பட்ட பந்தயத்தில் என்ன அனுபவிக்கிறார்? அகலமான வெளியில் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று புறப்படுகிறார்கள். சற்றுத் தூரத்தில் பாதை ஒடுங்கும் என்பது தெரியும். எனவே முதல் அரைக் கிலோமீட்டரை எல்லோரும் தம் சக்திக்கு மீறித்தான் ஓடுவார்கள். அதற்கான விலையை இரண்டாம் கிலோமீட்டரில் கொடுக்க வேண்டியிருக்கும். சாலை ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்று ஒரு கணக்கு வைத்து அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். இங்கே மேட்டில் அது எட்டாகும், சரிவில் ஐந்தாகும், சேற்றில் கணக்கே இருக்காது. பாதி தூரத்துக்குள் அவர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிடுவார். மிஞ்சுவது மூச்சின் அளவும், முன்னால் போகிறவரின் சட்டையும், பின்னால் கேட்கும் காலடியும்தான். கடுமையான கிராஸ் கன்ட்ரியில் முடிப்பது மட்டுமே ஒரு சாதனை என்று சொல்வார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. அதன் அழகு புள்ளிக் கணக்கில் இருக்கிறது.

அந்தக் கணக்கு எளிது. ஒவ்வொருவரும் எத்தனையாவதாக வந்தாரோ அதுவே அவருடைய புள்ளி. உலகப் போட்டியில் ஒரு நாட்டுக்கு ஆறு பேர் ஓடலாம். முதலில் வரும் நால்வரின் இடங்களைக் கூட்ட வேண்டும். குறைந்த எண் பெற்ற அணி வெல்லும். ஓர் அணியில் முதல் ஆள் பந்தயத்தையே வென்று, மற்ற மூவர் 15, 18, 19-ஆவதாக வந்தால் மொத்தம் 53. இன்னோர் அணியில் நால்வர் 3, 7, 12, 20-ஆவதாக வந்தால் 42. வென்றவர் முதல் அணியில் இருந்தும் கோப்பை இரண்டாம் அணிக்கு. கணக்கில் வராத ஐந்தாவது, ஆறாவது ஆளுக்கும் வேலை இருக்கிறது: எதிரணியின் நான்காவது ஆளை அவர் முந்திவிட்டால் அந்த அணியின் புள்ளி ஏறிவிடும். மாரத்தானில் நாலாயிரத்துப் பத்தாவதாக வருபவரும் நாலாயிரத்துப் பதினொன்றாவதாக வருபவரும் ஒரே பதக்கத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்; அந்த ஓர் இடத்தால் யாருக்கும் எதுவும் மாறுவதில்லை. கிராஸ் கன்ட்ரியில் நாற்பதாவது இடத்துக்கும் நாற்பத்தொன்றாவது இடத்துக்கும் நடுவில் ஒரு கோப்பை இருக்கலாம். நடுத்தர ஓட்டக்காரரின் உழைப்புக்கு இவ்வளவு மரியாதை தரும் வேறொரு ஓட்டம் இல்லை. லீமடைனனைத் தள்ளாடியபடியே அந்தக் கோட்டைக் கடக்க வைத்தது இந்தக் கணக்குதான்.

இப்போது பென்னலூருக்கு வருவோம். காஞ்சிபுரம் மாவட்டம், ஸ்ரீபெரும்புதூர் வட்டம். பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை சிப்காட். 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி அங்கேதான் தொடங்கியது. தெற்கே ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், மேற்கே சுங்குவார்சத்திரம். கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி என்று நாட்டுக்கும் உலகுக்கும் பொருள் செய்து அனுப்பும் பகுதி. இங்கே வாழ்க்கை நொடியால் அளக்கப்படுகிறது. லைனிலிருந்து ஒரு வண்டி இறங்கியதும் அடுத்தது எத்தனை நொடியில் இறங்க வேண்டும் என்பதற்கு டாக்ட் டைம் என்று பெயர். ஒரு தொழிலாளி திருகாணியை முடுக்குவதும் அடுத்தவர் கதவைப் பொருத்துவதும் அந்த அளவுக்குள்தான். கம்பெனி பஸ் வரும் நேரம், பஞ்ச் வைக்கும் நேரம், சாப்பாட்டு நேரம், ஓ.டி. நேரம். கடிகாரத்துக்கு மதிப்பில்லாத ஓட்டத்துக்கு இங்கே தனிப் பொருள் இருப்பது இதனால்தான். வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஷிஃப்டுக்கு வெளியே இந்த மண்ணோடு பெரிய உறவு எதுவும் அமையவில்லை. இந்த வட்டாரத்தின் பெயர்பெற்ற பந்தயக் களம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த 3.7 கிலோமீட்டர் மோட்டார் பந்தயப் பாதை. எஞ்சினுக்கு அப்படியொரு களம் அமைத்த ஊரில் மனிதக் காலுக்கும் ஒன்று வேண்டாமா?

களம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் ஏரிகளின் நாடு. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, கிழக்கே பெரிய செம்பரம்பாக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீரைக் கைமாற்றும் ஏரிகள். ஒவ்வொன்றுக்கும் கரை, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் உண்டு. உள்வாயில் கரம்பு, கரையோரம் பனை, அதைத் தாண்டி மேய்ச்சல் வெளி. கிராஸ் கன்ட்ரிக்கு ஐரோப்பியர் செயற்கையாக மண்மேடு கொட்டி, மரக்கட்டை போட்டுச் செய்யும் தடைகள் இங்கே இயல்பாகக் கிடக்கின்றன. ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதற்காக விடியலில் ஏரிக்கரையிலும் பள்ளி மைதானத்திலும் ஓடும் பிள்ளைகளைத் தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம். செலக்‌ஷன் முடிந்ததும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பெரும்பாலோர் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஓடுவதற்கு அவர்களுக்குக் காரணமே இல்லாமல் போகிறது. ஏரியும் கண்மாயும் நிறைந்த புதுக்கோட்டை மாவட்டம் கோவிந்தன் லட்சுமணனைத் தந்தது. 2017 புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர் அவர். அதே மாவட்டத்தின் சூர்யா 2016 தெற்காசிய விளையாட்டில் பெண்கள் பிரிவில் அதே இரண்டு தங்கங்களையும் வென்றார். மண்தரையில் சாதாரண மக்கள் ஓடும் நிகழ்வுக்கும் மாநிலத்தில் முன்மாதிரி இருக்கிறது: 2008 முதல் ஆரோவில் மாரத்தான் காட்டுப் பாதைகளிலும் செம்மண் தடங்களிலும்தான் நடக்கிறது.

எதிர்வாதங்கள் பல உண்டு, ஒவ்வொன்றும் நியாயமானதே. எட்டு மணி நேரம் லைனில் நின்று வேலை செய்தவனை மறுபடி ஓடச் சொல்வது கொடுமை என்பது முதலாவது. உடலுழைப்பாளிக்கு உடற்பயிற்சி எதற்கு என்ற இந்தக் கேள்விக்கு டென்மார்க்கில் விடை தேடினார்கள். கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைந்திருந்தன. வேலையில் கடும் உடலுழைப்பு செய்தவர்களுக்கோ அவை கூடியிருந்தன. பல மணி நேரம் நிற்பதும், ஒரே அசைவைத் திரும்பச் செய்வதும், நினைத்தபோது ஓய்வெடுக்க முடியாததும் இதயத்தைப் பலப்படுத்துவதில்லை என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். தானாக விரும்பி, தன் அளவுக்கு, நடுவில் ஓய்வோடு ஓடுவது உடலுக்கு வேறு பொருள். 55 ஆயிரம் அமெரிக்கர்களை 15 ஆண்டு தொடர்ந்த 2014 ஆய்வில் ஓடும் பழக்கமுள்ளவர்களின் இறப்பு மற்றவர்களைவிட 30 சதவீதம் குறைவு. நாளுக்குப் பத்து நிமிடத்துக்கும் குறைவாக ஓடியவர்களுக்கும் பலன் இருந்தது. இவை ஒரு கூட்டத்தைக் கவனித்துக் கண்ட தொடர்புகளே. ஓடியதால் மட்டுமே விளைந்தவை என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராகப் பந்தயத்துக்கு வருபவரை ஓட விடக்கூடாது. அப்படிப்பட்டவருக்கு முந்தின இரவு விடுப்பு தர மனமில்லாத நிறுவனம் அணி அனுப்பவும் வேண்டாம்.

இரண்டாவது எதிர்வாதம் வெயிலும் சாவும். இதைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2007 மார்ச்சில் உலக கிராஸ் கன்ட்ரி கென்யாவின் கடற்கரை நகரமான மொம்பாசாவில் நடந்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டும் நீண்ட ஓட்டத்தில் தொடர்ந்து வென்ற எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலே கடலோரப் புழுக்கத்தில் கடைசிச் சுற்றில் பந்தயத்தை விட்டு வெளியேறினார். எரித்ரியாவின் செர்செனாய் டடேசே வென்றார். உலகின் தலைசிறந்த உடலையே நிறுத்திவிடும் காற்று நம் கடலோர மாவட்டங்களின் காற்றுக்கு உறவு. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும்; காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழிந்து போகுமே தவிர உடல் குளிராது. 2024 ஆகஸ்ட் கடைசியில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்காக ஆண்களை ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓட வைத்தபோது பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். அதன் பிறகே தேர்வை நிறுத்திவைத்து, காலை 9 மணிக்கு மேல் யாரையும் ஓட விடக்கூடாது என்று சொன்னார்கள். குளிரும் கொல்லும்: 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாநிலத்து மலைப்பாதையில் 172 பேர் ஓடிய 100 கிலோமீட்டர் பந்தயத்தில் திடீர்க் குளிர்காற்றிலும் ஆலங்கட்டி மழையிலும் 21 பேர் மாண்டார்கள். இந்தச் சாவுகளில் எதற்கும் மேடும் பள்ளமும் மட்டும் காரணமில்லை. பருவத்தையும் நேரத்தையும் மதிக்காதது, உடம்பைச் சோதிக்காதது, வேலை கிடைக்குமா என்ற பதற்றத்தில் வந்தவரை ஒரு மணி நேரக் கெடுவில் நிறுத்தியது, உதவி எட்டாத இடத்தில் பாதை போட்டது: இவைதான் கொன்றன. மறுபக்கம், ஒழுங்காக நடத்தப்படும் ஓட்டத்தில் ஆபத்து எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரில் இதயம் நின்றவர்கள் 59 பேர், இறந்தவர்கள் 42 பேர். இதயம் நின்றது ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில்தான். ஆறு கிலோமீட்டர் ஓட்டத்தைத் தடை செய்ய இது காரணமாகாது. ஆம்புலன்ஸ் வைக்கவும், இதயத்தை மீட்கும் கருவி வைக்கவும், பதிவின்போதே ரத்த அழுத்தம் பார்க்கவும் இது காரணம்.

தண்ணீர் குடி, குடி என்று வற்புறுத்துவதும் தவறு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்கு உப்பு குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடித்தால் போதும். ஏரிச் சேறு பற்றி இன்னொரு எச்சரிக்கை உண்டு. 2000-இல் மலேசியாவின் சபாவில் நடந்த சாகசப் பந்தயத்தில் ஆற்று நீரில் இறங்கிய வீரர்கள் பலருக்கு எலிக் காய்ச்சல் வந்தது. கழிவுநீர் கலக்கும் ஓடையைப் பந்தயத் தடையாக்கக் கூடாது. நீர் வடிந்த உள்வாயே போதும். கணுக்கால் பிசகும் என்பது உண்மை, அதை மறைக்க வேண்டாம். நீண்டதூர ஓட்டக்காரர்களில் ஐந்தில் ஒருவர் முதல் ஐந்தில் நால்வர்வரை ஏதாவதொரு கால் காயம் அடைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. சாலையில் ஓடுகிறவருக்கும் அதே கதிதான். ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு ஓரம் ஒதுங்கி ஓடுகிறவருக்கு வரப்பில் கால் பிசகுவதைவிடப் பெரிய அபாயம் காத்திருக்கிறது. பாம்பு, நெருஞ்சி, சீமைக் கருவேல முள், தெருநாய் எல்லாவற்றுக்கும் விடை ஒன்றே: முந்தின நாள் ஊர்க்காரர்களோடு பாதையை நடந்து பார்த்து வெட்டித் துப்புரவாக்குவது.

பெண்கள் எப்படி ஓடுவார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த ஓட்டத்தின் அமைப்பே பதில். கிராஸ் கன்ட்ரி பாதை பெரும்பாலும் இரண்டு கிலோமீட்டர் சுற்று. அதையே திரும்பத் திரும்ப ஓடுவார்கள். ஒவ்வொரு இருநூறு மீட்டருக்கும் ஒருவர் நின்றால் யாரும் கண்ணுக்கு மறைவதில்லை. இருட்டில் தனியாகச் சாலையோரம் ஓடுவதைவிட இது எத்தனையோ மடங்கு பாதுகாப்பு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைத் தமிழக அரசு திறந்தது. அவர்களில் நூற்றில் ஒருவர் வந்தாலே 187 பேர். ஆறு பேர் அணியாக முப்பத்தொரு அணிகள். உலகின் எந்தக் கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்கும் அது மதிப்பான எண்ணிக்கை. வீட்டை விட்டு வந்து, விடுதிக்கும் லைனுக்கும் நடுவே மட்டும் வாழும் ஒரு பெண்ணுக்குத் தன் அணியின் நான்காவது ஆளாக ஓடி முடித்து, தன் இடத்தால் அணி வென்றது என்று கேட்பது என்ன பொருள் தரும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

கடைசி எதிர்வாதம் நிலத்தைப் பற்றியது. எனக்குப் பெரிதும் கவலை தருவதும் இதுதான். ஏரி யாருடையது? 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழானவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அனுமதி கேட்க வேண்டிய இடம் தெரிகிறது. கரை பலவீனமாக இருக்கும் மழைக்காலத்தில் நூறு பேர் அதில் ஓடக்கூடாது என்று பொறியாளர் சொன்னால் அது சரிதான், கேட்டுக்கொள்ள வேண்டும். பயிர் இருக்கும் வயலில் கால் வைக்கக்கூடாது. மாடு மேய்ப்பவரின் காலை நேரத்தைப் பறிக்கக்கூடாது. விளைநிலத்தைத் தொழிற்சாலைக்குக் கொடுத்தவர்களிடம் எஞ்சிய புறம்போக்கையும் ஓடுகிறவர்களுக்குக் கேட்பது நியாயமா என்றால், ஒரு நாள் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும், ஊராட்சியும் ஊர்ப் பிள்ளைகளும் முன்நின்று நடத்துவதாக இருந்தால் நியாயம். நகரத்திலிருந்து ஒரு நிறுவனம் வந்து நடத்திவிட்டுக் காகிதக் கோப்பையை விட்டுப் போவதாக இருந்தால் நியாயமில்லை. ஓட்டம் ஏரிக்கும் நல்லது: யாரும் நடக்காத கரையில் முள் மூடும், குப்பை சேரும், ஒரு மூலையில் வேலி முளைக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஐந்நூறு பேர் காலால் அளக்கும் கரையில் ஒரு முழம் குறைந்தாலும் தெரிந்துவிடும்.

பந்தயம் எப்போது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பொங்கல் கடந்து, மாசி வெயில் ஏறுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிறுவர்க்கு இரண்டு கிலோமீட்டர், மற்றவர்க்கு ஆறு. நடந்து முடிப்பவருக்கும் இடம் உண்டு. நேரக் கெடு எதுவும் வேண்டாம். நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் தொழிலாளி, அப்ரென்டிஸ், பென்னலூர் பொறியியல் கல்லூரி மாணவர், காவலர் தேர்வுக்குத் தயாராகும் உள்ளூர்ப் பிள்ளை எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கட்டும். கட்டணம் வேண்டாம், தண்ணீரும் ஆம்புலன்ஸும் நிறுவனங்களின் பங்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தின் ஊராட்சித் தலைவர்களும் தொழிற்சங்கங்களும் மனிதவள அதிகாரிகளும் இதை ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜனவரியில் இங்கே சூரியன் உதிப்பது ஆறரை மணிக்கு. வெயில் உறைக்கும் முன் ஆறு கிலோமீட்டர் ஓடி முடிக்க அது தாராளம்.